காலி நிலம் யாருடையது? மாநகராட்சி எல்லை விரிவும் சேரியும்

(சென்னையில் நடந்த இளைஞர் வாசிப்பு வட்டக் கூட்டத்தில் பேசியதன் எழுத்து வடிவம்)

 

எனக்குக் கொடுத்த தலைப்பு 'நகர விரிவாக்கமும் வீட்டுரிமையும்'. கொஞ்சம் அரசு அறிக்கை வாடை அடிக்கிறது, மன்னிக்க வேண்டும். அதை ஒரு கேள்வியாகச் சுருக்கிக்கொள்கிறேன். ஒரு மாநகராட்சி மன்றம் கூடி, 'எல்லைக்கு வெளியே காலி நிலம் நிறைய இருக்கிறது, அதைச் சேர்த்துக்கொண்டால் வீடு கட்டலாம்' என்று தீர்மானம் போடுகிறது. அந்தக் 'காலி' என்ற சொல்லுக்கு என்ன பொருள்? இதைத்தான் இன்று பேசப்போகிறேன்.

ஏன் இப்போது என்றால், 2025 ஜனவரித் தொடக்கத்தில் தமிழ்நாடு அரசு ஒரு பெரிய அறிவிப்பைச் செய்தது. 16 மாநகராட்சிகளோடு 4 நகராட்சிகளையும் 5 பேரூராட்சிகளையும் 149 ஊராட்சிகளையும் இணைக்கப்போகிறோம் என்றார்கள். புதிதாக 13 நகராட்சிகள், 25 பேரூராட்சிகள் என்றார்கள். தமிழ்நாடு வேகமாக நகரமயமாகிறது என்பது அதற்குச் சொன்ன காரணம். அது பொய் இல்லை. 2011 கணக்கெடுப்பிலேயே 48 விழுக்காட்டுக்கு மேல் நகரவாசிகள்தான்.

அறிவிப்பு வந்த சில நாட்களில் பல மாவட்டங்களில் மக்கள் மனுவை எடுத்துக்கொண்டு ஆட்சியர் அலுவலகத்துக்குப் போனார்கள். நூறு நாள் வேலை போய்விடும், வரி ஏறிவிடும் என்றார்கள். வந்த நேரத்தையும் பாருங்கள். 28 மாவட்டங்களில் ஊராட்சித் தலைவர்களின் பதவிக்காலம் அந்த ஜனவரி 5 ஆம் தேதியோடு முடிந்தது. கேள்வி கேட்க வேண்டியவர்கள் நாற்காலியை விட்டு இறங்குகிற வாரத்தில் ஊரே இல்லாமல் போகிறது என்ற செய்தி வருகிறது.

இதில் மக்களின் சம்மதத்துக்கு எவ்வளவு இடம் இருக்கிறது? அரசமைப்புச் சட்டத்தின் 243க்யூ பிரிவைப் படித்துப் பாருங்கள். மக்கள் தொகை, அடர்த்தி, உள்ளாட்சிக்கு வரும் வருவாய், வேளாண்மை அல்லாத வேலையில் இருப்போர் விழுக்காடு, பொருளாதார முக்கியத்துவம் இவற்றைப் பார்த்து ஆளுநர் அறிவிக்கையால் ஓர் இடத்தை நகரமாக்கலாம். ஆளுநர் என்றால் நடைமுறையில் மாநில அரசு. ஆட்சேபம் தெரிவிக்கச் சில வாரம் கொடுப்பார்கள். மாநகராட்சி மன்றத்தின் தீர்மானத்தை வாங்கிக்கொள்வார்கள். கிராம சபை வேண்டாம் என்று தீர்மானம் போட்டாலும் அது அரசைக் கட்டுப்படுத்தாது. சேரியில் இருக்கிறவர்களை யாராவது தனியாகக் கேட்பார்களா என்றால், அந்தப் பிரிவில் அப்படி ஒரு சொல்லே இல்லை.

சரி, அப்படியானால் நாமும் 'கிராமத்தைக் காப்போம்' என்று பதாகை பிடித்துவிடலாமா? இங்கேதான் நமக்குச் சிக்கல். கொஞ்சம் நின்று யோசிக்க வேண்டிய இடம் இது.

1948 நவம்பர் 4 ஆம் தேதி அரசமைப்பு அவையில் வரைவை முன்வைத்துப் பேசியபோது அம்பேத்கர் இந்தியக் கிராமத்தை என்ன பாடு படுத்தினார் என்பது இங்கே பலருக்குத் தெரியும். கிராமம்தான் இந்தியாவின் ஆன்மா என்று பலர் உருகிக்கொண்டிருந்த அவையில், வரைவில் கிராமத்தை ஓரம்தள்ளித் தனிமனிதரை அலகாக எடுத்ததற்காகத் தான் மகிழ்வதாகச் சொன்னார். அவர் கண்ட கிராமம் சாதி வாழ்கிற வீடு. நம் தாத்தா பாட்டிகள் சென்னைக்கு ஓடிவந்தது கிராமத்தின் பசியால் மட்டும் இல்லை. பேருந்தில் யார் பக்கத்தில் உட்காருகிறார் என்று கேட்காத ஊர் வேண்டும், கூலியைக் காசாகக் கையில் கொடுக்கிற முதலாளி வேண்டும் என்றுதான் வந்தார்கள். ஆகவே கிராமம் அழிகிறதே என்று நம்மை அழச் சொன்னால் கண்ணீர் வராது.

ஆனாலும் அதே கிராமத்தில் நாம் ஒரு பிடியை வாங்கியிருக்கிறோம், அதுவும் சும்மா கிடைக்கவில்லை. 1996 தேர்தலில் தனி ஊராட்சி என்று அறிவித்தவுடன் என்ன நடந்தது? மதுரை மாவட்டம் மேலவளவில் தலைவராகத் தேர்ந்தெடுக்கப்பட்ட முருகேசனும் அவரோடு இருந்தவர்களும் 1997 ஜூன் 30 ஆம் தேதி வெட்டிக் கொல்லப்பட்டார்கள். பாப்பாப்பட்டி, கீரிப்பட்டி, நாட்டார்மங்கலம், கொட்டக்கச்சியேந்தல் ஆகிய ஊராட்சிகளில் 10 ஆண்டுகள் தேர்தலையே நடத்தவிடவில்லை. 2006 இல்தான் முறையான தேர்தல் நடந்தது. 2020 இல்கூடக் கடலூர் மாவட்டம் தெற்கு திட்டையில் தலைவரான தலித் பெண்ணைக் கூட்டத்தில் தரையில் உட்காரவைத்த படத்தை நாடே பார்த்தது. அதே ஆண்டு திருவள்ளூர் மாவட்டம் ஆத்துப்பாக்கத்தில் சுதந்திர தினத்தன்று தலைவரைக் கொடியேற்றவிடவில்லை. பிறகு ஆட்சியர் வந்து ஏற்றவைத்தார்.

அந்த நாற்காலிக்காக இவ்வளவு வெறி ஏன்? அதில் உட்காருகிறவர் காசோலையில் கையெழுத்துப் போடுகிறார். தெருவிளக்கு எந்தத் தெருவுக்கு, குழாய் எந்தப் பக்கம் என்று சொல்கிறார். அந்த ஊராட்சி மாநகராட்சியோடு சேர்ந்தால் என்ன ஆகும்? மாநகராட்சியிலும் இடஒதுக்கீடு உண்டு, இல்லை என்று சொல்லவில்லை. சென்னைக்கே 2022 இல் முதல் தலித் பெண் மேயர் வந்தார். ஆனால் பல ஊராட்சிகள் சேர்ந்து ஒன்றிரண்டு வார்டுகளாகிவிடும். ஒவ்வொரு ஊரிலும் சேரி ஒரு பெரிய வாக்குத்தொகுதியாக இருந்தது. வார்டு எல்லையைக் கீறும்போது அது நான்காகப் பிரிந்து நான்கு வார்டுகளின் ஓரத்தில் ஒட்டிக்கொள்ளும். கீறுகிற பென்சில் யார் கையில் இருக்கிறது என்பது உங்களுக்குத் தெரியும்.

இப்போது நிலத்துக்கு வருகிறேன். இதுதான் நான் பேச வந்த விஷயம்.

வருவாய்த்துறைக் கணக்கில் காலி நிலம் என்று ஒரு வகை கிடையாது. தீர்வை ஏற்பட்ட தரிசு, தீர்வை ஏற்படாத தரிசு, மேய்க்கால் புறம்போக்கு, ஏரிப் புறம்போக்கு, களம், பாதை, சுடுகாடு, கிராம நத்தம் என்றுதான் இருக்கும். மாநகராட்சித் திட்ட அறிக்கையில் இவையெல்லாம் சேர்ந்து 'வளர்ச்சி பெறாத நிலம்' ஆகிவிடுகின்றன. பட்டா உள்ளவனின் நெல் வயலும் வளர்ச்சி பெறாததுதான், ஆனால் அதை விலை கொடுத்து வாங்க வேண்டும். எனவே கை முதலில் எங்கே போகும்? புறம்போக்குக்கு. புறம்போக்கில் யார் ஆடு மேய்க்கிறார், யார் விறகு பொறுக்குகிறார், யாருடைய பிணத்தை ஏரிக்கரையில் புதைக்கிறார்கள் என்று போய்ப் பாருங்கள். ஊருக்குள் நிலமில்லாதவர்கள் வாழ்கிற இடம் அது. எழுத்தில் அவர்கள் பெயர் இருக்காது, அதனால் அது காலி.

இது இன்று நேற்றுத் தொடங்கிய விஷயம் இல்லை. 1891 இல் செங்கல்பட்டு மாவட்ட ஆட்சியராக இருந்த டிரமென்கீர் அந்த மாவட்டத்துப் பறையர்களின் நிலை பற்றி அரசுக்கு ஓர் அறிக்கை எழுதினார். பஞ்சமி நிலத்தைப் பற்றிப் பேசுகிற எல்லாரும் அவர் பெயரைச் சொல்வோம். அறிக்கைக்குள் என்ன இருக்கிறது என்பதை அவ்வளவாகப் பேசுவதில்லை. அதன் மையமே தரிசு நிலம்தான். செங்கல்பட்டில் மிராசுதார்கள் தாங்கள் உழுகிற நிலத்துக்கு மட்டும் உரிமை கேட்கவில்லை. ஊரின் தரிசும் எங்களுக்கே என்றார்கள். தரிசைக் கேட்டு விண்ணப்பம் போடுவதற்குத் தர்காஸ்து என்று பெயர். ஒரு பறையர் தர்காஸ்து போட்டால் முதலில் மிராசுதாரைக் கேட்க வேண்டும், அவருக்கே முன்னுரிமை. அவர் அதுவரை திரும்பிப் பார்க்காத நிலமாக இருந்தாலும் எனக்கு வேண்டும் என்பார். வேண்டியது நிலம் இல்லை. கூலிக்கு ஆள் வேண்டும். சொந்தமாக ஒரு துண்டு நிலம் கிடைத்துவிட்டால் அவன் பண்ணைக்கு வரமாட்டான். குடியிருக்கும் மனைகூடத் தங்களுடையது என்றார்கள். எதிர்த்துப் பேசினால் குடிசையைப் பிரித்துக்கொண்டு போ என்று சொல்ல அது வசதி.

அந்த அறிக்கையின் தொடர்ச்சியாக 1892 செப்டம்பர் 30 ஆம் தேதி அரசாணை வந்தது. ஒடுக்கப்பட்ட மக்களுக்குத் தரிசு நிலத்தை நிபந்தனையோடு வழங்கினார்கள். 10 ஆண்டுகளுக்கு விற்கவோ தானம் செய்யவோ கூடாது, அதற்குப் பிறகும் ஒடுக்கப்பட்ட வகுப்பினருக்கு மட்டுமே கைமாற்றலாம், மீறினால் அரசு திரும்ப எடுத்துக்கொள்ளலாம் என்று நிபந்தனை. சென்னை மாகாணம் முழுதும் 12 லட்சம் ஏக்கர் என்பது இயக்கங்கள் வழக்கமாகச் சொல்லும் கணக்கு. அதில் இன்று நம் கையில் எவ்வளவு என்று கேட்டால் எந்த அரசும் முழுக்கணக்குக் கொடுப்பதில்லை. அதே செங்கல்பட்டில், காரணை கிராமத்துப் பஞ்சமி நிலத்தைக் கேட்டுப் போராடியபோது 1994 அக்டோபர் 10 ஆம் தேதி போலீஸ் சுட்டது. ஜான் தாமசும் ஏழுமலையும் இறந்தார்கள். அந்தப் பகுதியில் இன்று சாலையின் இரண்டு பக்கமும் வீட்டுமனை விளம்பரம்.

அம்பேத்கரிடம் திரும்புகிறேன். 1947 இல் 'மாநிலங்களும் சிறுபான்மையினரும்' என்ற நூலில் அவர் வைத்த கோரிக்கைகளில் ஒன்றை நாம் போதுமான அளவு பேசியதில்லை. அரசுக்குச் சொந்தமான சாகுபடியாகாத நிலத்தைப் பட்டியல் சாதியினரைத் தனிக் கிராமங்களில் குடியமர்த்துவதற்காகப் பொறுப்பில் வைத்திருக்க ஒரு குடியேற்ற ஆணையம் வேண்டும் என்றார். அதற்கு ஒன்றிய அரசு ஆண்டுதோறும் பணம் ஒதுக்க வேண்டும் என்றும் எழுதினார். தரிசைப் பார்த்தபோது அவருக்குத் தோன்றியது, கிராமத்தின் பிடியிலிருந்து வெளியேற ஒரு வழி. 1891 இல் டிரமென்கீரும் 1947 இல் அம்பேத்கரும் ஒரே நிலத்தைத்தான் காட்டினார்கள். அது இன்னும் தீர்க்கப்படாத பாக்கி. அந்தப் பாக்கியைப் பைசல் செய்யாமலே அதே நிலத்தை இன்று 'வீட்டு வசதிக்கான காலி நிலம்' என்று மாநகராட்சி வரைபடத்தில் பச்சை, மஞ்சள் வண்ணம் பூசி வைக்கிறார்கள்.

வீடு கட்டட்டுமே, வீடில்லாதவர்கள் நாம்தானே என்று ஒரு தோழர் கேட்கலாம். நியாயமான கேள்வி. அதற்குச் சென்னை விரிந்த கதையைத்தான் பதிலாகச் சொல்ல வேண்டும்.

1920களில் சென்னை நகரம் மாம்பலத்தைத் தன்னோடு சேர்த்துக்கொண்டு குடியிருப்பு அமைத்தது. நீள ஏரி என்று பெயர்பெற்ற பெரிய ஏரியைக் கொஞ்சம் கொஞ்சமாக வடித்தார்கள். அதுதான் தியாகராய நகர். நீதிக்கட்சிக் காலம் என்பதால் பெயர்கள் எல்லாம் நம் பக்கத்துப் பெயர்கள்: தியாகராயர், பனகல் அரசர், நடேசன், சவுந்தரபாண்டியனார். பார்ப்பனரல்லாதார் இயக்கத்தின் பெயர்ப்பலகைகளை ஒரே இடத்தில் பார்க்க வேண்டுமானால் அங்கே ஒரு நடை போனால் போதும். ஆனால் அந்த மனைகள் விலை கொடுத்து வாங்க வசதியிருந்தவர்களுக்காகப் போடப்பட்டவை. அதில் சேரிக்கென்று ஒரு திட்டம் இல்லை. நம் இயக்க வரலாற்றைப் பேசும்போது இதையும் சேர்த்துத்தான் பேச வேண்டும்.

பிறகு பல முறை விரிந்தது. பெரிய விரிவு 2011 இல். 174 சதுர கிலோமீட்டராக இருந்த சென்னை மாநகராட்சி 426 ஆனது. 9 நகராட்சி, 8 பேரூராட்சி, 25 ஊராட்சி, மொத்தம் 42 உள்ளாட்சிகள் கரைந்தன. 200 வார்டில் இந்த 42 உள்ளாட்சிப் பகுதிகளுக்கு 93 கிடைத்தன. 2011 அக்டோபரில் தேர்தல். 2016 அக்டோபரில் மன்றத்தின் காலம் முடிந்தது. அடுத்த தேர்தல் 2022 பிப்ரவரியில்தான் நடந்தது. அதாவது ஊராட்சியாக இருந்தபோது ஒரு தலைவரையாவது வாசலில் போய்ப் பிடிக்க முடிந்த மக்கள், நகரவாசிகளானதற்குப் பிறகு ஐந்து ஆண்டுகளுக்கு மேல் கவுன்சிலரே இல்லாமல் அதிகாரிகளைத் தேடி அலைந்தார்கள்.

இன்னொரு திசையில் வேறொன்று நடந்துகொண்டிருந்தது. 2000 ஆம் ஆண்டிலிருந்து, கூவம் கரையிலும் அடையாற்றுக் கரையிலும் கால்வாய் ஓரத்திலும் இருந்த மக்களைக் குடிசை மாற்று வாரியம் தெற்கே கொண்டுபோய்க் குவித்தது. முதலில் கண்ணகி நகர், 15 ஆயிரத்துக்கு மேல் வீடுகள். பிறகு செம்மஞ்சேரி, 6 ஆயிரத்துக்கு மேல். பிறகு பெரும்பாக்கம், 20 ஆயிரத்துக்கு மேல். இந்த மூன்றையும் தொடங்கியபோது மூன்று இடமும் மாநகராட்சி எல்லைக்கு வெளியே இருந்தன. வெளியே 'காலி நிலம்' இருந்தது, அதனால் அங்கே கட்டினோம் என்பார்கள். பள்ளிக்கரணைச் சதுப்பு நிலத்தைச் சுற்றியுள்ள தாழ்வான பகுதி அது. 2015 டிசம்பர் வெள்ளத்தில் அந்தத் தென்பகுதி எப்படி மிதந்தது என்று பார்த்தோம். ஆற்றங்கரையில் இருந்தால் வெள்ளம் வரும், உங்கள் பாதுகாப்புக்காகத்தான் மாற்றுகிறோம் என்று சொல்லி அதற்குப் பிறகும் ஆயிரக்கணக்கான குடும்பங்களைப் பெரும்பாக்கத்துக்கே அனுப்பினார்கள். வேலையை 20 கிலோமீட்டருக்கு அப்பால் விட்டுவிட்டு வந்தார்கள். வீட்டுவேலை, மீன் கூடை, பூ வியாபாரம், சுமை தூக்குதல் எல்லாம் காலை 5 மணிக்கு நகரின் நடுவே நிற்க வேண்டிய வேலைகள். நடுப் பள்ளி ஆண்டில் லாரியில் ஏற்றப்பட்ட பிள்ளைகள் எத்தனை பேர் படிப்பை விட்டார்கள் என்று அங்கே வேலை செய்கிற தோழர்களைக் கேளுங்கள்.

இப்போது 2011 வரைபடத்தை எடுத்துப் பார்ப்போம். ஓ.எம்.ஆர். ஓரமாக இருந்த துரைப்பாக்கம், சோழிங்கநல்லூர், செம்மஞ்சேரி எல்லாம் மாநகராட்சிக்குள் வந்தன. அந்தச் சாலையில் ஐ.டி. நிறுவனங்கள் இருக்கின்றன. பெரும்பாக்கம் வரவில்லை. மேடவாக்கமும் வரவில்லைதான், ஆகவே ஒரே காரணம் என்று நான் அடித்துச் சொல்லமாட்டேன். ஆனால் விளைவு என்ன? சென்னை மாநகராட்சியில் மூன்று தலைமுறை வாழ்ந்து, அதன் தெருவைக் கூட்டி, அதன் சாக்கடையை அள்ளிய குடும்பங்கள், தரைத்தளத்துக்கு மேல் 7 மாடி உள்ள கட்டடங்களில், ஓர் ஊராட்சியின் குடிமக்கள் ஆனார்கள். கூரை அரசு தந்தது. நகரத்தில் வாழும் உரிமை போய்விட்டது. அங்கே குடியமர்த்தப்பட்டவர்களில் பெரும்பான்மையோர் தலித்துகள் என்பதைத் தற்செயல் என்று சொல்கிறவர்களோடு எனக்குப் பேச ஒன்றும் இல்லை.

எல்லைக்கோடு இப்படித்தான் நடக்கிறது. நிலம் வேண்டும்போது கோடு வெளியே நகர்கிறது. மக்கள் வேண்டாம்போது மக்கள் கோட்டுக்கு வெளியே நகர்த்தப்படுகிறார்கள்.

கோட்டுக்குள் வந்துவிட்டால் மட்டும் சேரி கரைந்துவிடுகிறதா? 2011 இல் சேர்ந்த பகுதிகளில் ஒரு ஞாயிற்றுக்கிழமை நடந்து பாருங்கள். பழைய ஊர்த்தெரு எங்கே முடிகிறது, பழைய காலனி எங்கே தொடங்குகிறது என்று யாரையும் கேட்காமலே தெரியும். சுடுகாடும் இரண்டு. (இடையில் ஒன்று. கிராமத்தில் 'காலனி' என்றால் சேரி. சென்னையில் ஏ.ஜி.எஸ். காலனி, எல்.ஐ.சி. காலனி என்றால் வாடகை கூடுதல். 2025 ஏப்ரலில் அரசு ஆவணங்களிலிருந்து அந்தச் சொல்லை நீக்கப்போவதாக முதலமைச்சர் அறிவித்தார், வரவேற்போம். தெருவின் நிலப்பதிவையும் அப்படியே சரிசெய்தால் இன்னும் பலமாகக் கைதட்டலாம்.)

நிலப்பதிவு என்றேன். நகரமான பிறகு நகர நில அளவை வரும். கிராம நத்தத்தில் மூன்று தலைமுறையாக வீடு கட்டி இருக்கிறவர், கையில் தாள் இல்லை என்றால், புதிய பதிவேட்டில் 'சர்க்கார் புறம்போக்கு' என்று ஆகிவிட வாய்ப்புண்டு. அப்படி ஆகிப் பட்டாவுக்காக அலைகிற குடும்பங்கள் சென்னைப் புறநகரில் நிறைய. ஊராட்சிக் காலத்தில் குடியிருந்தவர் மாநகராட்சிக் காலத்தில் ஆக்கிரமிப்பாளர். அடுத்து ஒரு நீதிமன்ற உத்தரவு, ஒரு ஜே.சி.பி., அப்புறம் பெரும்பாக்கம் மாதிரி இன்னொன்று.

நூறு நாள் வேலையைப் பற்றி நகரத்து நண்பர்கள் சிலர் ஏளனமாகப் பேசுவார்கள். மரத்தடியில் உட்கார்ந்துவிட்டுச் சம்பளம் வாங்குகிறார்கள் என்பார்கள். 2005 இல் வந்த அந்தச் சட்டம் கிராமத்துத் தலித் பெண்ணுக்கு என்ன கொடுத்தது? பண்ணையாரிடம் 'இந்தக் கூலிக்கு வரமாட்டேன்' என்று சொல்லும் துணிச்சலைக் கொடுத்தது. ஏளனம் அங்கிருந்துதான் கிளம்பியது. அது ஊரகத்துக்கு மட்டும் என்று வந்த சட்டம். இணைப்பு அறிவிக்கை வந்தால் அட்டை செல்லாது, ஆனால் அறிவிக்கை வந்த மறுநாள் அந்த அம்மாவுக்கு நகரத்து வேலை வந்துவிடாது. 2022 இல் மாநில அரசு நகர்ப்புற வேலைவாய்ப்புத் திட்டம் ஒன்றை 100 கோடி ரூபாயில் சோதனை முறையில் தொடங்கியது. நல்லதுதான். ஆனால் அது திட்டம், உரிமை இல்லை. வேலை கொடு என்று சட்டத்தைக் காட்டிக் கேட்க முடியாது.

ஆகவே இணைப்பை எதிர்ப்பதா ஆதரிப்பதா என்று கேட்டால், நான் அந்த வரிசையில் பேச மறுக்கிறேன். நகரம் எங்களுக்கும் வேண்டும். ஆனால் கணக்கை முடித்துவிட்டு வா என்கிறேன். சென்னைப் பெருநகரத் திட்டப் பகுதியை 1,189 சதுர கிலோமீட்டரிலிருந்து 5,904 சதுர கிலோமீட்டராக 2022 அக்டோபரில் விரித்திருக்கிறார்கள். செங்கல்பட்டு, காஞ்சிபுரம், திருவள்ளூர், ராணிப்பேட்டை வரை போகிறது. பழைய மிராசு மண்ணில் பெரும்பகுதி அதற்குள் வருகிறது. ஓர் ஊராட்சியை எந்த மாநகராட்சியோடு சேர்ப்பதாக இருந்தாலும், அறிவிக்கைக்கு முன்னால் அந்த ஊரின் பஞ்சமி நிலம் எது, யார் கையில் இருக்கிறது என்ற பட்டியலை வெளியிடு. நிபந்தனையை மீறிய விற்பனை செல்லாது என்று உயர் நீதிமன்றமே சொல்லியிருக்கிறது. அதை மீட்டுக் கொடுத்துவிட்டு, மிச்சத்தில் உன் அடுக்குமாடித் திட்டத்தைப் போடு. நத்தத்தில் இருக்கிற சேரிக் குடும்பங்களுக்குப் பெண்கள் பெயரில் பட்டா, அதுவும் இணைப்புக்கு முன்னால். இணைத்த நிலத்தில் கட்டுகிற வீடு முதலில் அந்த ஊரில் வீடற்றவர்களுக்கு. நகரத்துச் சேரிகளை இறக்கிவைக்கும் கிடங்காக அதைப் பயன்படுத்தக் கூடாது.

நகரத்துக்குள் இடம் இல்லை என்பார்கள். புளியந்தோப்பு கே.பி. பார்க்கில் பழைய குடியிருப்பு இருந்த இடத்திலேயே கட்டினார்கள். 2021 இல் அந்தச் சுவரைக் கையால் தொட்டாலே உதிர்ந்தது, சட்டமன்றம் வரை பேச்சானது. கட்டியவன் தரம் கேவலம்தான். ஆனால் இடம் சரியான இடம். மனம் வைத்தால் உள்ளேயே கட்ட முடியும் என்பதற்கு அந்த உதிர்ந்த கட்டடமே சாட்சி.

கடைசியாக வேலைக்கு வருகிறேன். பஞ்சமி நிலத்தைக் கண்டுபிடிப்பது எப்படி என்று பல இளைஞர்கள் கேட்கிறார்கள். கணினியில் இப்போது தெரியும் பட்டாவை மட்டும் பார்த்தால் ஏமாந்துபோவோம். 1980களில் யு.டி.ஆர். என்ற நிலப்பதிவு மேம்பாட்டுத் திட்டம் நடந்தபோது பல இடங்களில் 'டி.சி.' என்ற குறிப்பு காணாமல் போயிற்று, பெயரும் மாறியது. எனவே அதற்கு முந்தைய செட்டில்மென்ட் 'அ' பதிவேட்டின் நகல் வேண்டும். தகவல் உரிமைச் சட்டத்தில் 10 ரூபாய் கட்டணத்தில் வட்டாட்சியர் அலுவலகத்துக்கு விண்ணப்பம் போடலாம். இல்லை என்று பதில் வந்தால் மேல்முறையீடு. பழைய சர்வே எண்ணையும் புதிய சர்வே எண்ணையும் ஒப்பிடும் பட்டியலையும் சேர்த்துக் கேளுங்கள், இல்லாவிட்டால் இரண்டு பதிவேட்டையும் பொருத்த முடியாது. நகல் வந்ததும் நீங்களாகப் படிக்காதீர்கள். சேரிப் பெரியவர்களை உட்காரவைத்து ஒவ்வொரு எண்ணாகச் சொல்லுங்கள். 'அது எங்க தாத்தா உழுதது' என்று யாராவது சொன்னால் எழுதிக்கொள்ளுங்கள்.

நம் வட்டத்திலிருந்து இணைப்புப் பட்டியலில் உள்ள மூன்று ஊராட்சிகளை எடுத்திருக்கிறோம். விண்ணப்பங்கள் தயார். பதிவேடு படிக்கப் பழக விருப்பமுள்ளவர்கள் நான்கு பேராவது வேண்டும், அதில் இரண்டு பேராவது பெண்களாக இருந்தால் வீட்டுக்குள் போய்ப் பேச வசதி. வாசலில் நோட்டு வைத்திருக்கிறோம், பெயரையும் எந்த ஞாயிறு வர முடியும் என்பதையும் எழுதிவிட்டுப் போங்கள்.